10 யூ சேசிஸை ரேக்கில் ஏற்றுவது: தூக்குவதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலைகள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு சிறிய கேபிள் இணைய நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். 10 யூ உயரமுள்ள (யூ என்பது ரேக்கில் உயரத்தைச் சொல்லும் அளவு) சேசிஸ் ரவுட்டர், அதாவது கார்டுகளைச் செருகும் பெரிய இரும்புக் கூடாக வரும் ரவுட்டர் ஒன்று பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறது. உபகரண அறை இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. கருவிகளை அடுக்கி மாட்டும் இரும்புச் சட்டமான ரேக்கின் கீழ்ப்பாதியில் பழைய நெட்வொர்க் சுவிட்சுகள், மேல்பாதிதான் காலி. "நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், தூக்கி மாட்டிவிடலாமா? சப்ளை 48 வோல்ட்தானே, அதில் பயப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்.

இரண்டு கேள்வி மாதிரி தெரிகிறது. எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. இந்த வேலையில் நான் பார்த்த காயங்களும் உடைசல்களும் பெரும்பாலும் வரிசை மாறியதால் வந்தவைதான். எக்ஸ்சேஞ்ச் கருவிகளும் நெட்வொர்க் கருவிகளும் நிறுவும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் நேரடியாகச் சொல்கிறேன்: இப்போது இருக்கிற நிலையில், நிரம்பிய சேசிஸை, இரண்டு பேர், மேல்பாதியில் மாட்டக் கூடாது. சேசிஸைக் காலி செய்து, ரேக்கைத் தரையோடு பிணைத்து, கீழ்ப்பகுதியில் இடம் ஒதுக்கி, மூன்றாவது ஆள் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் நீங்களே செய்யலாம்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எடை பேக்கிங்கையும் சேர்த்தது. கருவியோடு வந்த நிறுவல் கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும், காலி சேசிஸின் எடை ஒன்று, முழுக்க நிரப்பியதன் எடை ஒன்று. 8 யூ, 10 யூ ரகங்கள் காலியாக 30 முதல் 60 கிலோ வரை இருக்கும். கார்டுகளும் பவர் சப்ளைகளும் ஏறிவிட்டால் 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் மாடலின் எண்ணைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், நான் ஊகித்துச் சொல்வது உதவாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒருவர் தூக்குவதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 23 கிலோ. அதுவும் சுமை உடம்பை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், நல்ல பிடியோடு தூக்கும்போது. ரேக்கின் முன் நின்று கையை நீட்டி ஒரு இரும்புப் பெட்டியை உள்ளே தள்ளும்போது இவற்றில் ஒன்றுகூட நமக்குச் சாதகமாக இருக்காது.

அதனால் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே சேசிஸைக் காலி செய்துவிடுங்கள். பவர் சப்ளை, ஃபேன் டிரே, கார்டுகள், கையேடு அனுமதித்தால் முன்கதவு என எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு கார்டையும் அதன் ஆன்டிஸ்டேட்டிக் பையில் போட்டு, எந்தச் சிலாட்டிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு தடவை மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. படியில் தூக்கிப்போக லோடுமேன்களைக் கூப்பிடுங்கள். படி திரும்பும் இடத்தில் சுமையை எப்படிச் சாய்க்காமல் திருப்புவது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாம் சொல்ல வேண்டியது எங்கே பிடிக்கக் கூடாது என்பதை மட்டும். கார்டின் எஜெக்டர் லீவர், பவர் சப்ளையின் கைப்பிடி, ஃபேன் டிரேயின் கைப்பிடி, இவை அந்தந்தப் பாகத்தை உருவுவதற்காக வைத்தவை. சேசிஸ் எடையை அவை தாங்காது. அடியில் கைகொடுத்தோ, சேசிஸின் பக்கவாட்டில் அதற்கென்றே இருக்கும் பிடியிலோதான் தூக்க வேண்டும்.

சேசிஸ் மேலே வருவதற்குள் ரேக் தயாராக இருக்க வேண்டும். காலியான ரேக் பார்க்கத் திடமாகத்தான் தெரியும். முன்பக்கம் 60 கிலோவை அரைகுறையாக உள்ளே தள்ளி நிறுத்திப் பாருங்கள், எடையின் மையம் முன்னால் வந்து மொத்த ரேக்கும் உங்கள் மேல் சாயப் பார்க்கும். நான்கு மூலையிலும் ஆங்கர் போல்ட் அடித்துத் தரைக் கான்கிரீட்டோடு பிணைப்பதுதான் சரியான முறை. ஃபால்ஸ் ஃப்ளோர் (தளத்துக்கு மேல் உயர்த்திப் போட்ட பலகைத் தரை) இருந்தால் அதன் பலகையோடு பிணைத்துப் பயனில்லை, கீழே இருக்கும் கான்கிரீட் வரை இரும்புச் சட்டம் இறங்க வேண்டும். துளை போடுவதற்கு முன் தளத்துக்குள் மின்குழாய் எதுவும் போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற கருவிகளைத் துணியால் முழுக்க மூடிவிட வேண்டாம், அவற்றுக்கு மூச்சு முட்டும். ஒருவர் துளையிட, இன்னொருவர் வாக்குவம் கிளீனரின் முனையைத் துளைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் சிமென்ட் தூசு பறக்காது. அப்புறம் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சக்கரம் வைத்த ரேக் என்றால் அடிக்கால்களை இறக்கி எடை முழுவதும் கால்களில் நிற்கும்படி செய்யுங்கள். சக்கரத்தின் மேல் தாங்கும் எடை, கால்களின் மேல் தாங்கும் எடையைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாம் மாடி என்பதால் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது வீடாகக் கட்டி, பின்னால் உபகரண அறையாக மாற்றிய இடமா என்று பாருங்கள். வீட்டு அறைகளுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. நிரம்பிய ரேக் ஒன்று 600 கிலோ இருந்தால், அது நிற்கிற இடம் அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். இதனால் தளம் உடனே இறங்கிவிடும் என்று அர்த்தமில்லை. பீமுக்கு மேல் நிற்கிறதா, தளத்தின் நடுவில் நிற்கிறதா, பக்கத்தில் பேட்டரி வரிசை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லும் தகுதி கட்டடப் பொறியாளருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. அவரை ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள்.

மேல்பாதிதான் காலி என்றீர்கள். கனமானது கீழே, லேசானது மேலே என்பதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. உங்கள் பழைய சுவிட்சுகள் ஒவ்வொன்றும் 1 யூ, சில கிலோதான் இருக்கும். ஒரு ராத்திரி சேவையை நிறுத்த அனுமதி வாங்கி அவற்றை மேலே ஏற்றிவிட்டு, கீழே 10 யூ இடத்தைக் காலி செய்யுங்கள். "அதற்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது" என்பீர்கள். வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் நிறுத்துவதையும், ரேக் சாய்ந்து எல்லாமே நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

இனி துளைக் கணக்கு. பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 19 அங்குல ரேக்கில் 1 யூ என்பது 44.45 மி.மீ. உங்கள் 10 யூவுக்கு 444.5 மி.மீ. ஒவ்வொரு யூவிலும் மூன்று துளைகள் இருக்கும். அந்த மூன்றுக்கும் இடைவெளி ஒவ்வொன்றும் 15.875 மி.மீ., ஆனால் ஒரு யூவின் கடைசித் துளைக்கும் அடுத்த யூவின் முதல் துளைக்கும் இடைவெளி 12.7 மி.மீ.தான். ரேக்கின் தூணைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள், சில துளைகள் ஜோடியாக நெருங்கி இருப்பது தெரியும். அந்த நெருங்கிய ஜோடியின் நடுவில்தான் யூ எல்லை ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் ஒரு துளை தள்ளி ஆரம்பித்தால் சேசிஸின் காதுகளில், அதாவது முன்னால் இருபக்கமும் நீட்டியிருக்கும் தகடுகளில், உள்ள துளைகள் எல்லாம் ஒருசேர ரேக்கோடு பொருந்தாது. 60 கிலோவைக் கையில் தாங்கிக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கிற நேரம் அது அல்ல. கீழிருந்து எண்ணி, நான்கு தூணிலும் மார்க்கரால் கோடு போட்டு, கேஜ் நட்டுகளை (ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் மாட்டும் கூண்டு நட்டுகள்) எல்லாம் முன்கூட்டியே மாட்டிவைத்துவிடுங்கள். மாட்டும்போது அதற்கான கருவியைப் பயன்படுத்துங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நழுவி விரலைக் கிழித்துவிடும். நட்டின் இரண்டு காதுகளும் துளையின் விளிம்பில் சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சேசிஸுக்கு அடியில் தாங்கு ஷெல்ஃபோ, இருபக்கமும் எல் ஆங்கிள் ரெயிலோ கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் கருவியோடே வரும். எடையை அந்த ரெயில்தான் தாங்குகிறது, முன்னால் போடும் எம்6 ஸ்க்ரூக்கள் சேசிஸ் முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. முன்காதுகளில் மட்டும் தொங்கவிட்ட ஒரு சேசிஸை ஒரு இடத்தில் கழற்றப் போனபோது, பின்பக்கம் ஒரு விரல் அளவுக்குத் தொய்ந்து காதுத் தகடு வளைந்திருந்தது. அது மாட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடது ரெயிலும் வலது ரெயிலும், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே துளை வரிசையில் இருக்கிறதா என்று ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

தூக்குகிற நேரம் உண்மையில் ஒரு நிமிடம்கூட ஆகாது. கைப்பம்பு வைத்த ஹைட்ராலிக் தூக்குமேசை வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் நல்லது. ரெயில் உயரத்துக்கு மேசையை ஏற்றி, சக்கரத்தைப் பூட்டி, சேசிஸை நேராக உள்ளே நகர்த்தலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், மூன்றாவது ஆள் முன்னால் குனிந்து ரெயிலுக்கு வழிகாட்ட. ஒருவர் மட்டும் எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் குரலுக்கு மட்டும் அசைய வேண்டும். அடிப்பகுதியின் பின்விளிம்பு ரெயிலில் ஏறியதும் பாதி எடை குறைந்துவிடும், அங்கே அவசரப்பட்டால்தான் விரல் நசுங்கும். முழுக்க உள்ளே போனதும் மூன்றாவது ஆள் இருபக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ போட்ட பிறகுதான் மற்ற இருவரும் கையை எடுக்க வேண்டும். இதற்காகத்தான் மூன்று பேர் என்கிறேன்.

சேசிஸ் உட்கார்ந்ததும் முதல் வயர் எர்த் வயர். வேறு எதுவும் அதற்கு முன்னால் போகக் கூடாது. நாளைக்குக் கழற்றும்போது எர்த் கடைசியாகத்தான் வர வேண்டும். ஏசி பவர் சப்ளை உள்ள கருவிகளில் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் சேசிஸ் உடம்புக்குக் கசியும், எர்த் இல்லையென்றால் அது தொட்டவர் வழியாகத்தான் தரைக்குப் போகும். கையேட்டில் இரண்டு துளை லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) கேட்டிருந்தால் அதையே போடுங்கள். ஒற்றைத் துளை லக் நாளடைவில் சுழன்று தளரும், இரண்டு துளை லக் சுழலாது. லக்கை அதற்கான கிரிம்பிங் கருவியில் அழுத்த வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது. ரேக்கின் பக்கம் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். வெறும் உலோகம் பளிச்சென்று, லக்கின் அடிப்பரப்பு முழுக்கப் படும் அளவுக்குத் தெரிய வேண்டும். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்த ரேக்குகளை நான் எண்ணிக்கை வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

எர்த்தில் இன்னொரு தவறான நம்பிக்கை நம் ஊரில் பரவலாக உண்டு. கருவிக்கென்று தனியாக ஒரு எர்த் பிட் (எர்த் கம்பி புதைக்கும் குழி) தோண்டி, அதைக் கட்டட எர்த்தோடு சேர்க்காமல் வைப்பதுதான் சுத்தமான எர்த் என்பார்கள். தனி பிட் இருப்பதில் தவறில்லை, சேர்க்காமல் விடுவதுதான் ஆபத்து. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு பிட்டுகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம், அது உங்கள் கருவி வழியாகத்தான் சமன்படும். எல்லா எர்த்தும் ஒரே எர்த் பாரில் (எர்த் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) வந்து சேர வேண்டும், கூரையிலிருந்து வரும் கேபிள்களின் உலோக உறையும் உட்பட.

இனி அந்த 48 வோல்ட். காய்ந்த கையால் தொட்டால் பெரும்பாலும் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். பாதுகாப்புத் தரநிலைகளும் நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதைத் தாழ்ந்த வகையில்தான் வைக்கின்றன. ஆபத்து வோல்ட்டில் இல்லை, பின்னால் நிற்கும் பேட்டரியில் இருக்கிறது. சில நூறு ஆம்பியர்-மணி பேட்டரி வரிசை ஒன்று ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த சகா, உறை இல்லாத ஸ்பேனரால் பேட்டரி முனையை இறுக்கிக்கொண்டிருந்தார். அது நழுவி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. ஒரு நொடிகூட இல்லை, வெல்டிங் வெளிச்சம் மாதிரி ஒன்று. ஸ்பேனரின் வாய் ஒரு பக்கம் உருகி, வழவழப்பாக உருண்டு போயிருந்தது. அவர் விரலில் போட்டிருந்த மோதிரம் சூடேறி, அதே அளவில் ஒரு வளையமாகத் தோல் வெந்திருந்தது. அன்றிலிருந்து நான் மோதிரம், வாட்ச், கைக்காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்ட பிறகுதான் பவர் பக்கம் போகிறேன். ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெரிய சேசிஸுக்கு ஏ, பி என்று இரண்டு ஃபீடு, அதாவது இரண்டு தனித்தனி மின் இணைப்பு வரும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது எளிது. இரண்டு எம்சிபியையும் (சர்க்யூட் பிரேக்கர்) அணைத்து, முடிந்தால் பூட்டு போட்டு, இல்லையென்றால் "வேலை நடக்கிறது, போடாதே" என்று அட்டை கட்டி, மல்டிமீட்டரால் கேபிள் முனையில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். கேபிள் நிறத்தை நம்பாதீர்கள், இடத்துக்கு இடம் மாறும். தொலைத்தொடர்பில் ப்ளஸ் பக்கம்தான் எர்த்தோடு சேர்ந்திருக்கும், மைனஸ்தான் "உயிர்" வயர். மண்ணில் புதைந்த செம்புக் கம்பிகள் அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. கார் பேட்டரி பழக்கத்தில் வருபவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். இணைக்கும் வரிசை எர்த், பிறகு ப்ளஸ், பிறகு மைனஸ். கழற்றும்போது அப்படியே எதிர்வரிசை.

கேபிளின் தடிமனையும் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். உங்கள் சேசிஸ் 3,000 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட்டில் அது 62.5 ஆம்பியர். கரண்ட் போய்ப் பேட்டரி 43 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதே 3,000 வாட்டுக்கு 70 ஆம்பியர் ஓடும், ஏனென்றால் கருவி தன் வாட்டைக் குறைத்துக்கொள்ளாது. பவர் பிளான்டிலிருந்து (48 வோல்ட் கொடுக்கும் அமைப்பு) ரேக் 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 60 ஆம்பியருக்கு ஏறத்தாழ 1.3 வோல்ட் வழியிலேயே கரையும். 16 சதுர மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட 2 வோல்ட். பேட்டரியின் கடைசி நேரத்தில் அந்த முக்கால் வோல்ட்தான் கருவி ஓடுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும். ஒரு ஃபீடு போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும், அதனால் ஒவ்வொரு கேபிளையும் எம்சிபியையும் முழுச் சுமைக்கே தேர்ந்தெடுங்கள். முனை ஸ்க்ரூக்களை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் கொடுத்த அளவுக்கு இறுக்குங்கள்.

இப்போதுதான் கார்டுகள். உடம்பிலுள்ள ஸ்டேட்டிக் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கையில் தோலோடு படும்படி கட்டி, சேசிஸில் அதற்கென்று இருக்கும் முனையில் செருகுங்கள். எர்த் கொடுக்காத சேசிஸில் ஸ்ட்ராப் மாட்டுவதில் பயனில்லை, அதனால்தான் எர்த்தை முதலில் கேட்டேன். ஒவ்வொரு சிலாட்டுக்குள்ளும் டார்ச் அடித்து, கார்டுகள் போய்ச் செருகும் உட்பலகையில் ஊசி மாதிரியான பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வளைந்த பின்னின் மேல் கார்டை அழுத்தினால் சேசிஸையே மாற்ற வேண்டிவரும். கார்டு கடைசி அரை அங்குலம் எஜெக்டர் லீவரின் பலத்தில்தான் போக வேண்டும், உள்ளங்கையால் குத்தித் தள்ளக் கூடாது. கார்டு இல்லாத சிலாட்டுகளில் மூடித் தகட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் காற்று அந்த ஓட்டை வழியாகவே போய்விடும், மற்ற கார்டுகளுக்குக் கிடைக்காது. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் இமையும் மூடாது.

காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். முன்னால் இழுத்துப் பின்னால் விடுவதும் உண்டு, ஒரு பக்கவாட்டில் இழுத்து மறுபக்கம் விடுவதும் உண்டு. இரண்டாவது ரகம் என்றால் பக்கத்து ரேக்கை ஒட்டி வைக்க முடியாது. அப்புறம், ரேக்குக்கு நேர் மேலே ஸ்ப்லிட் ஏசியின் உள்யூனிட் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இருந்தால் ரேக்கையோ ஏசியையோ நகர்த்துங்கள். வடிகுழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டுவது நம் ஊர் ஏசிகளில் எப்போது வேண்டுமானாலும் நடக்கும், அது சேசிஸின் மேல் காற்றுத்துளை வழியாக நேராகக் கார்டில் இறங்கும்.

எல்லாம் முடிந்ததும் ஏ ஃபீடை மட்டும் போட்டு, பவர் சப்ளை விளக்கும் ஃபேனும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு பி ஃபீடு. இரண்டும் ஓடும்போது ஏ-வை அணைத்து, சேசிஸ் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், அதேபோல பி-யையும். வாடிக்கையாளர்களை மாற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்ய இப்போது மட்டும்தான் வாய்ப்பு. ஒரு வாரம் கழித்து, கருவி முழுச் சுமையில் ஓடும் மாலை நேரத்தில், ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மின்முனையையும் அளந்து பாருங்கள். ஒரே அளவு மின்சாரம் போகும் முனைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் அந்த லக் தளர்ந்திருக்கிறது. அந்த ஃபீடை அணைத்துவிட்டுத் திரும்ப இறுக்குங்கள்.